இடைவேளையில் பேசியது

மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு இல்லை. டீ டம்ளரை லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த செண்பகவல்லியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். நாற்காலி தரையில் உரசிய சத்தத்துக்கு அந்தச் சின்னப் படம் ஒருமுறை பச்சையாக நிரம்பி அடங்கியது. அதைப் பார்த்தும் ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. டீயில் ஆடை படிந்துவிட்டதே, வடிகட்டிக் கொண்டுவந்திருக்கலாம் என்றுதான் தோன்றியது. பிறகுதான் ஆசிரியர்களுக்கான ஆன்லைன் பயிற்சி ஓடுகிற திரையின் ஓரத்தில் வந்து கிடந்த செய்திகளைப் பார்த்தாள். பரமானந்தம் சார் போட்டிருந்தார். ஆண்கள் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவர், இந்த வருஷத்தோடு ஓய்வு பெறப் போகிறவர், ஒற்றை விரலால்தான் தட்டத் தெரியும் அவருக்கு. டீச்சர் உங்க மைக் ஆன்ல இருக்கு. அதன் கீழே, டீச்சர் மைக். அதன் கீழே வெறும் மைக் மைக் மைக். அவள் கை தானாகப் போய் அமுக்கியது. கோடு விழுந்தது. அதற்கப்புறம்தான் காது இரண்டும் சுட ஆரம்பித்தன, அடுப்புக்கு முன்னால் குனிந்தால் சுடுமே அந்த மாதிரி, காதில் தொடங்கிக் கழுத்துக்கு இறங்கி முதுகில் ரவிக்கைக்குள் ஓடியது. ஒன்றும் இருக்காது. இடைவேளைதானே, எல்லோரும் எழுந்து போயிருப்பார்கள், அவளே எழுந்து போகவில்லையா. சனிக்கிழமை மத்தியானம் கோவில்பட்டி வெயிலில் யார் உட்கார்ந்து காலி நாற்காலியைக் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறார்கள். ஆனால் பரமானந்தம் சார் கேட்டிருக்கிறார். கேட்டதால்தானே மூன்று தடவை போட்டிருக்கிறார். கேட்காதவருக்கு மைக் ஆன்ல இருப்பது எப்படித் தெரியும்.

எப்போது ஆன் செய்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்க வேண்டிய அவசியமே இல்லை, நன்றாகத் தெரியும், தெரிந்ததனால்தான் நினைப்பு அங்கே போகாமல் சுற்றிச் சுற்றி வந்தது. இடைவேளைக்கு முன்னால் அவள் பேசினாள். பயிற்சி நடத்துகிற ஷெரின், சென்னையிலிருந்து பேசுகிற மனநல ஆலோசகர், சின்ன வயசுப் பெண், "உங்க அனுபவத்துல ஒரு பிள்ளை உங்கள நம்பி ஏதாவது சொல்லியிருக்கா? பேரு வேண்டாம், அடையாளம் வேண்டாம்" என்று கேட்டபோது, யாரும் வாயைத் திறக்காமல் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தபோது, செண்பகவல்லிதான் மைக்கைத் திறந்து சொன்னாள். பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வீட்டுப் பிரச்சினையைத் தன்னிடம் சொன்னதாகவும், தான் குறுக்கே பேசாமல் கேட்டதாகவும், அறிவுரை எதுவும் சொல்லாமல் கையை மட்டும் பிடித்துக்கொண்டதாகவும். ஷெரின் முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான். இவ்வளவுதான். செண்பகவல்லி மேடம் பண்ணினத அப்படியே மனசுல வச்சுக்குங்க" என்றாள். திரையில் கைதட்டுகிற மஞ்சள் கைகள் குமிழ் குமிழாக மேலே போயின. அவளுக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது. இருபது வருஷம் தாவரவியல் நடத்தி ஒருவரும் கைதட்டியதில்லை. அந்தக் குளிர்ச்சியில் மைக்கை மூட மறந்து, அந்தக் குளிர்ச்சியோடேயே எழுந்து அடுப்படிக்குப் போய், டீ போட்டுக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரரிடம், அந்தச் சந்தோஷத்தை என்ன செய்வதென்று தெரியாமல், கொட்டினாள். அடுப்படிக்கும் மேஜைக்கும் நடுவில் கதவுகூடக் கிடையாது.

என்ன சொன்னோம், வரிசையாக. சங்கரபாண்டியன் டீயை ஆற்றிக்கொண்டே "என்ன, ஒரே கைதட்டு மாதிரி இருந்துச்சு" என்றார். அவள் சொன்னாள், "ஒரு புள்ள கதையச் சொன்னேன், அசந்துட்டாங்க." அவர், "யாரு புள்ள?" அங்கே நிறுத்தியிருக்கலாம். அங்கே நிறுத்த ஒரு வினாடி இருந்தது, அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, பால் பாத்திரத்தின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே அந்த வினாடியைத் தாண்டினாள். "நம்ம நடுநிலைப் பள்ளிக் குணசீலன் சார் மக. அகல்யா. வெளியில பாத்தா மனுஷன் என்ன அமைதி, வீட்டுல புருஷனும் பொண்டாட்டியும் ஒரு வருஷமாப் பேச்சு வார்த்தை கிடையாதாம், எல்லாத்துக்கும் நடுவுல இந்தப் புள்ளதான் தூது." அவர் டம்ளரை நீட்டியபடி "பாவம்ல, அந்தப் புள்ள" என்றார். ஆமாம், அவர் பாவம் என்றார். முதலில் அவர் பாவம் என்றுதான் சொன்னார். அதற்கு அவள், "பாவமா, இதக் கேளுங்க" என்று ஆரம்பித்து, அகல்யா மாதிரி தோளை ஒடுக்கிக்கொண்டு, மூக்கால் பேசி, "அம்மா, அப்பாவுக்குக் குழம்புல உப்புக் கம்மியாம். அப்பா, அம்மா வேணும்னா சாப்பிடச் சொல்றாங்க, வேண்டாம்னா எந்திரிக்கச் சொல்றாங்க. அம்மா, எந்திரிச்சுட்டாராம்" என்று நடித்துக் காட்டினாள். நன்றாகவே வந்தது. அதுதான் கொடுமை, நன்றாக வந்தது. சங்கரபாண்டியன் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார். அவளும் சிரித்தாள். யாரையும் ஒருமுறை பார்த்தால் போதும், குரல் அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும், சின்ன வயதிலிருந்து அப்படித்தான், ஆசிரியர் அறையில் தலைமையாசிரியை மாதிரிப் பேசிக் காட்டச் சொல்லி டிபன் டப்பாவைத் திறக்காமல் காத்திருப்பார்கள், செண்பகம் டீச்சர் லீவு போட்டால் பொழுதே போகவில்லை என்பார்கள். எவ்வளவு கேட்டிருக்கும். பெயர் கேட்டிருக்குமா. பெயரைச் சொல்லும்போது அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள், மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, பெயர் கேட்டிருக்காது. சிரிப்பு கேட்டிருக்கும். நடித்தது கேட்டிருக்கும், நடிக்கும்போது அவள் குரல் எப்போதுமே ஓங்கிவிடும். பெயர் மட்டும் கேட்காமல் இருந்தால் போதும். பெயர் இல்லாவிட்டால் அது யார் வீடாகவும் இருக்கலாம். ஊரில் பேசிக்கொள்ளாத புருஷன் பெண்டாட்டி ஒரு ஜோடிதானா.

"எல்லாரும் வந்துட்டீங்களா" என்று ஷெரினின் குரல் வந்தது. "மைக்க எல்லாரும் ஒருதடவ பாத்துக்குங்க. நாம தொடரலாம்." பொதுவாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. செண்பகவல்லியின் பெயரைச் சொல்லவில்லை, அவள் கட்டத்தின் பக்கம் கண் போனதாகவும் தெரியவில்லை. அடுத்த பக்கத்தைத் திரையில் கொண்டுவந்தாள். "பிள்ளைகள் நம்மிடம் சொன்னதைக் காப்பது" என்று தலைப்பு இருந்தது, மத்தியானம் பாதி நடத்தி இடைவேளைக்குப் பிறகு மீதி என்று நிறுத்தியிருந்தாள். அந்தப் பக்கம் ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு ஷெரின், "இத நாம ஏற்கெனவே பாத்துட்டோம்" என்று சொல்லித் தள்ளிவிட்டாள். பார்க்கவில்லை. பாதிதான் பார்த்தோம். இரக்கப்பட்டுத் தள்ளுகிறாள். அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று செண்பகவல்லி நினைத்தாள், உடனே அப்படி நினைத்ததற்கும் வெட்கமாக இருந்தது, யாரை யார் அறைவது, அறை வாங்க வேண்டியது தன் வலி பெரிதென்று நினைக்கிற இந்த மனசுதான். ஷெரின் பேசிக்கொண்டே போனாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை ராத்திரி வாட்ஸப்பில் எழுதும், எழுதியதை அழிக்கும், அழித்த தடம் மட்டும் நமக்குத் தெரியும், அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, அதற்காக வகுப்பில் எழுப்பி நிறுத்தியும் கேட்கக் கூடாது. வார்த்தைகள் வந்து காதின் சூட்டில் பட்டுப் பட்டு விழுந்தன. அவள் விரல் கட்டங்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. முதல் பக்கத்தில் தெரிந்த முகங்கள், பெண்கள் பள்ளி, ஆண்கள் பள்ளி, யாரோ ஒரு டீச்சர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்கிறாள், யாரோ காமிராவை நெற்றிக்கு மட்டும் காட்டுகிறார்கள். இன்றைக்குப் புதிதாக நடுநிலைப் பள்ளிக்காரர்களையும் சேர்த்திருப்பதாகக் காலையில் குரூப்பில் போட்டிருந்தது. படித்தாள். படித்துக் கட்டை விரல் படமும் போட்டாள். இரண்டாவது பக்கம். மூன்றாவது பக்கம். கடைசி வரிசையில் ஓரமாக, பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறையின் பச்சைச் சுவருக்கு முன்னால், சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு, அவர் உட்கார்ந்திருந்தார். கீழே ஆங்கிலத்தில் குணசீலன் என்று இருந்தது. அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். காமிராவைப் பார்க்கிற எவருமே நம்மைப் பார்ப்பதுபோலத்தான் இருக்கும், அது அந்தப் பெட்டியின் குணம், அவர் ஷெரினைத்தான் பார்க்கிறார், பாடம் கேட்கிறார், நல்ல ஆசிரியர், கேட்கக்கூடியவர். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கையை நீட்டி எதையோ அமுக்கினார். முகம் போய்க் கறுப்புக் கட்டம் ஆயிற்று. பெயர் மட்டும் நின்றது.

வெளியேறிவிடலாம் என்று இருந்தது. கரண்ட் போய்விட்டது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவள் வெளியேறியதும் மீதிப் பேர் அவளைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள் என்று தோன்றியது, அவள் உட்கார்ந்திருக்கும்வரை பேச மாட்டார்கள், ஆகவே உட்கார்ந்திருந்தாள், ஒரு சாவு வீட்டில் எழுந்துபோக நேரம் வாய்க்காமல் உட்கார்ந்திருப்பதுபோல. அகல்யா தன்னிடம் சொன்ன அன்றைக்கு மைக்ராஸ்கோப்பைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. மணி அடித்து எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு லேபில் தனியாக நின்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். செண்பகவல்லி கதவைப் பூட்டச் சாவியோடு வந்தவள், "என்ன அகல்யா, பஸ்ஸ விட்டுறப் போற" என்றாள். பிள்ளை நிமிராமலே, "டீச்சர், நான் ஹாஸ்டல்ல சேரலாமா" என்று கேட்டாள். "ஒனக்கு எதுக்கு ஹாஸ்டல், வீடு இந்தா இருக்கு." அதற்கப்புறம் அந்தப் பிள்ளை மைக்ராஸ்கோப்புக் குழாய்க்குள்ளேயே பேசினாள், அதன் அடியில் இருக்கிற யாருக்கோ சொல்வதுபோல, சின்னக் குரலில், ஒரே சீராக. சாப்பிடும்போதுதான் டீச்சர் ரொம்பக் கஷ்டம், ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் இருப்பாங்க, நான்தான் சொல்லணும், நான் ஏதாச்சும் மாத்திச் சொல்லிட்டா சண்டை வந்துரும்னு யோசிச்சு யோசிச்சுச் சொல்லணும், சில சமயம் நல்லதா நானே ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லுவேன், அப்புறம் கண்டுபிடிச்சுருவாங்களோன்னு தூக்கம் வராது. மூக்கால் பேசவில்லை. அழுததனால் மூக்கு அடைத்திருந்தது. தோளை ஒடுக்கவில்லை, மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள். அந்த ஸ்லைடில் ஒன்றுமே இல்லை என்பதைப் பூட்டும்போதுதான் செண்பகவல்லி பார்த்தாள், வெறும் கண்ணாடி. "யார்ட்டயும் சொல்லிறாதீங்க டீச்சர்." "நான் ஏம்மா சொல்லப் போறேன்." கையைப் பிடித்துக்கொண்டது உண்மை. அதைப் பொய்யென்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கை சில்லென்று இருந்தது, ஸ்லைடு கழுவின கை, அந்தக் கையைப் பிடித்திருந்தபோது அவள் தொண்டை நிஜமாகவே அடைத்தது. அடைத்த தொண்டையும் இதே தொண்டைதான். இதைத்தான் அவளால் எங்கேயும் வைக்க முடியவில்லை, அழுகை வந்த இடத்திலிருந்தேதான் அந்த மூக்குக் குரலும் வந்தது, இரண்டுக்கும் நடுவில் சுவர் எதுவும் இருக்கவில்லை.

திரை சட்டென்று மாறியது. இரண்டிரண்டு பேராகப் பிரித்து அனுப்புகிறேன், ஒருவர் ஆசிரியர், ஒருவர் மாணவர், பேசிப் பழகுங்கள் என்று ஷெரின் சொன்னது அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தது. யாரோடு போடப்போகிறது இந்த இயந்திரம். அந்தக் கறுப்புக் கட்டம் வந்துவிடுமோ, வந்தால் என்ன மாதிரி உட்கார்வது, முகத்தை எங்கே வைப்பது. வந்தது பரமானந்தம் சார். வழுக்கைத் தலைக்கு மேலே அவர் வரைந்த கோயில் குளம் ஒன்று மாட்டியிருந்தது. அவளுக்கு அவரைப் பார்க்க அவ்வளவு நன்றியாக இருந்தது. "நல்லா இருக்கீங்களா டீச்சர்" என்றார், மத்தியானத்திலிருந்து ஒன்றாக உட்கார்ந்திருக்கிறவரைக் கேட்கிற கேள்வியா அது. "சார், மைக்..." என்று ஆரம்பித்தாள். அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். "அது ஒன்னும் கேக்கல டீச்சர். பாத்திரம் உருளுற சத்தம்தான் கேட்டுச்சு. அதான் போட்டேன். எங்க வீட்டுலயும் மிக்ஸி ஓடுது, யாரு என்ன கேட்டா." நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்தது. பாத்திரம்தான். பாத்திரம்தான் உருண்டது. அவர் பொய் சொல்லக்கூடிய ஆள் இல்லை. "சரி, யாரு பிள்ள, யாரு வாத்தியார்? நான் பிள்ளையா இருந்துக்கிடுதேன்" என்று சிரித்தார். பிறகு பிள்ளையாக இருக்க என்ன பேசுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக, "குணசீலன் நல்ல மனுஷன் டீச்சர். மனசுல வச்சுக்கிட மாட்டார்" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் அவரைத் தப்பாக நினைக்கவில்லை. அவருக்கு அது ரொம்பச் சிரமமாக இருந்தது என்பது தெரிந்தது. ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்க்காமல், பயிற்சியும் செய்யாமல், திரை தானாகத் திருப்பி இழுத்துக்கொள்கிறவரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். பெயர் கேட்டிருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேனைத் தாண்டி, டீ ஆற்றுகிற சத்தத்தைத் தாண்டி, பெயர் போயிருக்கிறது.

அதற்கப்புறம் நடந்த பயிற்சி அவளுக்கு ஞாபகம் இல்லை. வாய்க்குள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தாள், மன்னிச்சுக்கிடுங்க சார், விளையாட்டாப் பேசிட்டேன். விளையாட்டா என்பதை எடுத்தாள். எடுத்தால் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துத் திருப்பி வைத்தாள். வீட்டுக்காரர்கிட்டதானே பேசினேன், வெளி ஆள்கிட்ட இல்லையே, என்று ஒரு வாக்கியம் எங்கிருந்தோ வந்து தன்னைத் தானே முன்னால் தள்ளிக்கொண்டது. இதே வாக்கியத்தைப் பிள்ளைகள் சொன்னால், நான் அவகிட்ட மட்டும்தான் டீச்சர் சொன்னேன் என்று சொன்னால், அவள் என்ன பாடு படுத்துவாள். போன வருஷம் ஒருத்தியை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறாள் இதற்காக. அந்தப் பிள்ளையின் முகம் இப்போது வரவில்லை, முட்டிக்குக் கீழே வெயில் பட்ட கால்கள் மட்டும் ஞாபகத்துக்கு வந்தன. "செண்பகவல்லி மேடம், முடிஞ்சப்புறம் ஒரு நிமிஷம் இருங்க" என்று ஷெரின் தனியாகச் செய்தி போட்டாள். சரி மேடம் என்று எழுதினாள், எழுத்துப் பிழை விழுந்தது, திருத்தவில்லை. எல்லோரும் கும்பிட்டுக்கொண்டே, கையை ஆட்டிக்கொண்டே போனார்கள். கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன, பக்கங்கள் குறைந்து ஒரே பக்கமாயின, இருக்கிற கட்டங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. பரமானந்தம் சார் போனார். கீரை உருவின டீச்சர் போனாள். மூன்று கட்டம் மிஞ்சியது. மூன்றாவது கறுப்பாக இருந்தது. ஷெரின் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது அது விலகி, பச்சைச் சுவரும் அவரும் வந்தார்கள். சட்டைப் பையில் பேனா கொஞ்சம் சாய்ந்திருந்தது. இவ்வளவு நேரம் தயார் செய்த வாக்கியம் செண்பகவல்லியின் வாயில் இல்லை. "சார்" என்றாள். அவர் காமிராவைப் பார்க்காமல் கீழே எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். "அவ அப்படித்தான் சொன்னாளா டீச்சர்?"

அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. "அந்தக் குரல்ல. நீங்க பேசினீங்கள்ல, அந்த மாதிரி. கேலியா. எங்கள அப்படி வேடிக்கையா வெளிய சொல்லிட்டுத் திரியுதா?" என்றார். கோபம் இல்லை அவர் பேச்சில், கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு நிற்க ஏதாவது கிடைத்திருக்கும். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். செண்பகவல்லிக்கு உடம்பெல்லாம் கூசியது. தன்னைத் தப்பாக நினைப்பார் என்றுதான் இவ்வளவு நேரம் பயந்துகொண்டிருந்தாள். அவர் மகளைத் தப்பாக நினைத்துக்கொண்டு, கறுப்புக் கட்டத்துக்குப் பின்னால் இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தார் என்பது அவள் நினைப்பின் ஓரத்துக்குக்கூட வந்திருக்கவில்லை. "இல்ல சார்" என்றாள். "அது அவ இல்ல. அவ அப்படிப் பேசவே இல்ல. அது நான் பண்ணினது. நான் அப்படித்தான் எல்லாரையும்... அது எம்புத்தி சார். அவ பாவம்." "எப்படிச் சொன்னா?" என்றார். சொல்லிவிடலாம். மைக்ராஸ்கோப்பைச் சொல்லலாம், நல்லதாக இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வேன் என்று அந்தப் பிள்ளை சொன்னதைச் சொல்லலாம், அதைக் கேட்டால் எந்தத் தகப்பனுக்கும் மனசு இளகும், இளகினால் இவள் செய்தது கொஞ்சம் கரையும். வாய் திறந்தும்விட்டது. ஷெரின் மெல்ல இடையில் வந்தாள். "சார், அத அகல்யாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றதுதான் நியாயம். இன்னைக்கு நடந்தத அவளுக்கு வேற யாரும் சொல்றதுக்கு முன்னாடி நாம சொல்லணும்." அவர் பையில் சாய்ந்திருந்த பேனாவை நிமிர்த்தி வைத்தார். பின்னால் பள்ளிக்கூட வாட்ச்மேன் யாரோ ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. "நீங்களே சொல்லிருங்க டீச்சர்" என்றார் கடைசியில். "நான் வீட்டுக்குக் கொஞ்சம் மெதுவாப் போறேன். ரெண்டு பஸ்ஸ விட்டுட்டுப் போறேன்." ஷெரினைப் பார்த்து, "நான் போயி என்ன சொல்லி ஆரம்பிக்கணும் மேடம்?" என்று கேட்டார். ஷெரின் பதில் சொல்ல ஆரம்பிக்கும்போது செண்பகவல்லி, தான் கேட்கக்கூடியது இல்லை இது என்று தோன்றி, சொல்லிக்கொள்ளாமல் வெளியேறினாள்.

வகுப்புக் குரூப்பில் இருந்தது அகல்யாவின் அம்மா நம்பர். கட்டிலிலிருந்து போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிப் படியில் போய் உட்கார்ந்தாள், கல் சுட்டது, எழுந்திருக்கவில்லை. மணி போகப் போக எடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள். அம்மாதான் எடுத்தாள். "டீச்சரா, நல்லா இருக்கீங்களா டீச்சர், இவரு ஏதோ டிரெய்னிங்குன்னு போனாரே, ஒங்களுக்கும் உண்டா" என்று வாய் நிறையப் பேசினாள், ஒன்றும் தெரியாத குரல், அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல நாக்குக் கூசியது. பிறகு "அகல்யா, ஒங்க டீச்சர்" என்று கூப்பிட்டுக் கொடுத்தாள். "சொல்லுங்க டீச்சர்" என்றாள் பிள்ளை, சந்தோஷமாக. லீவு நாளில் டீச்சர் கூப்பிட்டிருக்கிறார் என்கிற சந்தோஷம். செண்பகவல்லி அவளைக் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசச் சொன்னாள். கதவு சாத்துகிற சத்தம் வந்தது. சொன்னாள். தயார் செய்தது எதையும் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள், மைக்கைச் சொன்னாள், பெயரைச் சொன்னதைச் சொன்னாள், அப்பா கேட்டதைச் சொன்னாள். "அகல்யா, இருக்கியாம்மா?" "எல்லாருக்கும் கேட்டுச்சா டீச்சர்?" "ம்." "அப்பாவுக்கும்." "ம். அப்பாவுக்கு ஒம்மேல கோபம் இல்ல. நான் சொல்லிட்டேன், நீ எதும் தப்பாப் பேசலன்னு." பிள்ளை அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. "என்ன சொன்னீங்க டீச்சர்? நீங்க சொன்னத அப்படியே சொல்லுங்க." செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். குரல் மாற்றாமல், வெறும் வார்த்தைகளாக, உப்புக் கம்மியாம் என்பதைச் சொன்னாள், எந்திரிச்சுட்டாராம் என்பதைச் சொன்னாள். வெறும் வார்த்தையாகச் சொன்னால் அதில் சிரிக்க எதுவுமே இல்லை. "சிரிச்சீங்களா?" என்று கேட்டாள் அகல்யா. இல்லை என்று சொல்லலாம். இது ஒன்றுதான் அவள் விரும்பினால் இல்லை என்று சொல்லக்கூடியது, யாரும் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. "சிரிச்சேம்மா" என்றாள். பிறகு அந்தப் பிள்ளை, பெரிய மனுஷி மாதிரி, "திங்கக்கிழமை கிளாஸ்ல என்னையப் பாக்காதீங்க டீச்சர். எதும் கேக்கவும் செய்யாதீங்க. நான் ஒழுங்கா வந்துருவேன்" என்றாள். "சரிம்மா. அப்பா வரக் கொஞ்சம் நேரமாகும், வேணும்னே மெதுவாத்தான் வாரார். ஒனக்கு யார்ட்டயாவது பேசணும்னு இருந்தா, எங்கிட்ட வேண்டாம், அந்த ஷெரின் மேடம்..." "சரி டீச்சர்" என்று அகல்யா வைத்துவிட்டாள்.

வெயில் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கியிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. நாளை மறுநாள் ஆசிரியர் அறையில் பேச்சு இருக்கும், தலைமையாசிரியை கூப்பிட்டு விசாரிப்பார், அதெல்லாம் வரும், வரட்டும், அது அவ்வளவு பெரிதாக இப்போது தெரியவில்லை. அந்தப் பிள்ளை இனிமேல் யாரிடம் சொல்வாள். அந்த வீட்டில் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கும், அம்மா "டீச்சர் என்ன சொன்னாங்க" என்று கேட்டிருப்பாள், அதற்கு என்ன சொல்லியிருப்பாள், யோசித்து யோசித்து, இரண்டு வார்த்தை சேர்த்துத்தான் சொல்லியிருப்பாள். சங்கரபாண்டியன் படியேறி வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். "டீயக் குடிக்காமயே வச்சுட்ட. யாரு போன்ல?" என்றார். "ஒரு புள்ள" என்றாள். "எந்தப் புள்ள?" அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், எப்போதும் கேட்கிறவர், எப்போதும் சொல்லப்படுகிறவர். அவள் பதில் சொல்லாமல் இருந்தாள். சொல்லக் கூடாது என்று நினைத்துத்தான் வாயை மூடியிருந்தாள், ஆனால் மூடிய வாய்க்குள்ளே, அவள் விடாமலே, அந்தச் "சரி டீச்சர்" வந்து உட்கார்ந்துகொண்டது. 'சரி' கொஞ்சம் மேலே ஏறி, 'டீச்சர்' பாதியில் காற்றாகிப் போகிற அந்த விதம், துளிகூடப் பிசகாமல். ஒருமுறைதான் கேட்டிருந்தாள். சொல்லிக் காட்டச் சொன்னால் அப்படியே சொல்லிக் காட்டிவிடுவாள். நாக்கைப் பல்லுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு செண்பகவல்லி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.